கண்ணாடி அளவு பார்ப்பதற்கு யார் பணம் கட்டுவது?

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருக்கும் எமது பிள்ளைகள் சிலர் அண்மைக்காலமாக ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “மெடிக்கல் கோடிங் என்று ஒரு படிப்பு இருக்காமே, படிக்கலாமோ?” கைத்தொலைபேசியில் கண்ட விளம்பரத்தையும் காட்டுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை, டொலரில் சம்பளம் என்று அதில் எழுதியிருக்கிறது. வேலை இன்னதென்று மட்டும் எழுதியில்லை.

சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற நகரங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளியைப் பற்றி எழுதிவைத்த குறிப்பை, பூமியின் மறுபக்கத்தில் கணனி முன் இருந்து வாசித்து, அதற்குரிய இலக்கங்களை இடுவதே அவர்கள் வேலை. அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் காப்புறுதிக் கம்பனியோ அரசாங்கமோ வைத்தியருக்குப் பணம் கொடுக்கும், அல்லது மறுக்கும். ஆயிரக்கணக்கான இலக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்து விளக்கினால் மற்றவற்றின் போக்கும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம். 92015 என்பது அந்த இலக்கம். மூக்குக்கண்ணாடிக்கு அளவு பார்த்தல் என்பது அதன் பொருள்.

அளவு பார்த்தல் எப்படி நடக்கிறது என்பது கண்ணாடி அணியும் யாவருக்கும் தெரியும். வெளிச்சம் குறைந்த அறை. எதிரே எழுத்துப் பலகை. முகத்துக்கு முன்னே வில்லைகள் நிறைந்த கருவி. “இதில் தெளிவா, இதில் தெளிவா?” என்று மாறி மாறிக் கேட்பார்கள். பாடசாலையில் ஒளிமுறிவு என்று படித்தது இதுவே. கண்ணுக்குள் செல்லும் ஒளி சரியாக முறிந்து விழித்திரையில் குவிகிறதா, குவியாவிட்டால் எவ்வளவு வலுவுள்ள வில்லையை முன்னே வைத்தால் குவியும் என்று அளந்து பார்ப்பதுதான் இதன் சாரம். பலகையிலுள்ள எழுத்துகளை ஒழுங்குபடுத்தியவர் ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்னெலன், ஆண்டு 1862. வில்லையின் வலுவை அளக்கும் டயொப்டர் என்ற அலகை 1872இல் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கண் வைத்தியர் பெர்டினண்ட் மொனோயே. இச்சோதனை கண்ணில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதன்று. நோயே இல்லாத கண்ணுக்கும் நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போகும். நோய் வேறு, அளவு வேறு என்ற இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வருவன யாவும் அதிலேயே தங்கியிருக்கின்றன.

அமெரிக்க வைத்தியர் “கண் பார்த்தேன், இவ்வளவு தாருங்கள்” என்று எழுதிப் பணம் கேட்க முடியாது. இரண்டு பட்டியல்களிலிருந்து இலக்கங்களை எடுத்து எழுதவேண்டும். முதலாவது, நோயாளிக்கு என்ன என்று சொல்லும் பட்டியல். இதன் மூலவேர் 1893இல் ஜாக் பெர்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளிவிபர அறிஞர் தொகுத்த மரண காரணங்களின் பட்டியல். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று, மரணத்தோடு நில்லாமல் நோய்களையும் சேர்த்து விரித்தது. அதன் பத்தாவது திருத்தத்தைத் தழுவிய பட்டியலை ஐக்கிய அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பாவிக்கிறது. இரு கண்ணிலும் குறும்பார்வை என்றால் எச் 52.13. வெள்ளெழுத்து என்றால் எச் 52.4. முதுமையால் இரு கண்ணின் வில்லையும் நடுவில் மங்கும் கண்புரை எச் 25.13. பாதிப்பு எதுவும் காட்டாத இரண்டாம் வகை நீரிழிவு ஈ 11.9.

இரண்டாவது, வைத்தியர் என்ன செய்தார் என்று சொல்லும் பட்டியல். இதை 1966 முதல் வெளியிட்டு வருவது அமெரிக்க மருத்துவச் சங்கம். பட்டியலின் உரிமையும் அச்சங்கத்துக்கே. பாவிப்போர் அதற்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். இலக்கங்களையும் ஒரு விளைநிலமாக்கலாம் என்று நாம் அறிந்துகொள்ள வேண்டியதுதான். இப்பட்டியலில் புதிய நோயாளியின் முழுக் கண் பரிசோதனை 92004. ஏற்கெனவே வந்து போகிறவருடையது 92014. மூன்று வருடங்களுக்குள் அதே வைத்தியரிடமோ, அவரோடு சேர்ந்து தொழில் செய்யும் அதே துறை வைத்தியரிடமோ வந்திருந்தால் அவர் பழைய நோயாளி. கண்ணாடி அளவு பார்த்தது மட்டும் இவற்றுள் அடங்காது; அது தனியே 92015. ஒரே நாற்காலியில், ஒரே அரை மணித்தியாலத்துக்குள் நடந்த காரியம் பற்றுச்சீட்டில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இப்பிரிவைப் புரிந்துகொள்ள 1965ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு ஜூலை 30ஆம் திகதி, மிசூரி மாநிலத்தின் இண்டிப்பெண்டன்ஸ் நகரில், சனாதிபதி லிண்டன் ஜோன்சன் மெடிக்கெயார் சட்டத்தில் கையொப்பமிட்டார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கமே மருத்துவக் காப்புறுதி வழங்கும் திட்டம் அது. முன்னாள் சனாதிபதி ஹரி ட்ரூமனுக்கு முதலாவது அட்டை வழங்கப்பட்டது. ஏழை முதியவர்களுக்கு அது எத்துணை பெரிய ஆறுதலாயிற்று என்பதை மறுக்க முடியாது. ஆனால், அக்காலத்துத் தனியார் காப்புறுதிகளை ஒட்டி அது அமைக்கப்பட்டதால், அவை கைவிட்டவற்றை அதுவும் கைவிட்டது. பல், காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி ஆகியன வெளியே நின்றன. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1862ஆம் பிரிவில் இன்றும் இவ்விலக்கு உண்டு. கண்ணாடி எழுதிக்கொடுப்பதற்கான கண் பரிசோதனைக்குப் பணம் இல்லை. வேறு எக்காரணத்துக்காகக் கண்ணைப் பரிசோதித்தாலும், அதனிடையே பார்வையின் அளவை அறியச் செய்யும் சோதனைக்கும் பணம் இல்லை. முதுமையில் யாருக்குமே தப்பாமல் வருகின்ற குறை எதுவோ அதுவே முதியோர் காப்புறுதிக்கு வெளியே நிற்கிறது.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது? ஒகையோ மாநிலத்தின் கிராமம் ஒன்றில் 72 வயதான ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சிறு ஓய்வூதியம். மெடிக்கெயார் அட்டை உண்டு.

ஒரு நாள் அவர் கண் வைத்தியரிடம் போய், “ஒரு கிழமையாக வலது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன, மின்னல்போல வெளிச்சமும் அடிக்கிறது” என்கிறார். விழித்திரை கிழிந்துவிட்டதோ என்று பயப்படவேண்டிய அறிகுறிகள் இவை. வைத்தியர் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்க்கிறார். கிழியவில்லை. முதுமையில் வரும் மாற்றம்தான். “கண்ணாடிதான் பழசாகிவிட்டது” என்று சொல்லி, அளவும் பார்த்து எழுதிக் கொடுக்கிறார். நோய் எதுவும் பெரிதாக இல்லாவிட்டாலும், அவர் வந்தது நோய்க்குறியோடு. ஆகவே பரிசோதனைக்கு மெடிக்கெயார் பணம் கொடுக்கும். வருடத்தின் தொடக்கத்தில் நோயாளி தாமே செலுத்தவேண்டிய தொகை முடிந்திருந்தால், அங்கீகரித்த கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கு அரசினுடையது. 92015க்கு மட்டும் ஒரு சதமும் இல்லை. அது முழுவதும் அந்த அம்மாவின் கைப்பணம். பெரும்பாலும் சில பத்து டொலர்கள்.

இப்போது கதையை மாற்றுவோம். அதே அம்மா எந்த முறைப்பாடும் இன்றி, “கண்ணாடி பழசு, புது அளவு வேண்டும்” என்று போகிறார். வைத்தியர் பார்க்கும்போது குளுக்கோமா நோயின் அடையாளம் தெரிகிறது. நோய் உண்மை, பாரதூரமானதும்கூட. ஆயினும் அன்றைய பரிசோதனைக்கு மெடிக்கெயார் பணம் தராது. அளவு பார்த்ததற்கும் தராது. அவர் வந்த நோக்கம் கண்ணாடி. குளுக்கோமாவுக்காக அடுத்த முறை வரும்போதுதான் அரசின் பங்கு தொடங்கும். இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் எதுவென்பதல்ல, நோயாளி வந்த நோக்கம் எதுவென்பதே கணக்கு என்று மெடிக்கெயார் விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. முதன்முறை கேட்கிறவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குறியீட்டு வேலையின் முதற் பாடம் இதுதான். நோயின் பெயரைத் தேடி ஓடமுன்னர், குறிப்பின் தலையில் ‘வந்த காரணம்’ என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

இங்கேதான் ஒரு சிறு வசனத்தின் பெறுமதி தெரிகிறது. அந்த அம்மா தொலைபேசியில் நேரம் குறித்துக் கேட்கும்போது, “வருசத்துக்கொரு தடவை கண் காட்ட வேணும்” என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பார். வரவேற்பு மேசையில் இருப்பவர் அப்படியே பதிந்துவிடுவார். இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பஞ்சுபோல் மங்குகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். கண்புரையின் அறிகுறிகள் அவை. வைத்தியர் கேட்டு எழுதியிருந்தால் பரிசோதனை ஒரு கணக்கில் போகும். எழுதாவிட்டால் வேறு கணக்கில் போகும். கண் ஒன்று, நாள் ஒன்று, வைத்தியரும் ஒருவர். படிப்பறிவு குறைந்த, தன் நோவைச் சொல்லத் தெரியாத மனிதர் எங்கும் கூடுதலாகக் கட்டுகிறார். எமது கிளினிக் வரிசைகளில் நிற்பவர்களை அறிந்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

கண்புரை சத்திரசிகிச்சையில் விடயம் இன்னும் விசித்திரமானது. செயற்கை வில்லை வைக்கும் சத்திரசிகிச்சைக்கு மெடிக்கெயார் பணம் கொடுக்கிறது. அதன்பின் ஒரு சோடி கண்ணாடிக்கும் தன் பங்கைக் கொடுக்கிறது. கண்ணாடிக்கு அது கைகொடுக்கும் ஒரே சந்தர்ப்பம் எனலாம். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு அளவு பார்ப்பதற்குக் கொடுப்பதில்லை! சட்டம் கண்ணாடிக்கு மட்டும் விலக்களித்து, அளவுக்கு விலக்களிக்க மறந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். 92015 அப்போதும் நோயாளியின் தலையில்தான். மற்றபடி, நீரிழிவுக்காரரின் விழித்திரையை வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதற்கும், குளுக்கோமா வரும் ஆபத்துக் கூடியவர்களின் வருடாந்தச் சோதனைக்கும் மெடிக்கெயாரில் இடமுண்டு. அவை நோயின் பக்கம் நிற்பவை. தனியார் கம்பனிகள் நடத்தும் மெடிக்கெயார் அட்வான்ரேஜ் திட்டங்கள் பலவற்றில் கண்ணாடிக்கும் ஏதோ ஒரு சலுகை இருக்கும். அதைத் திட்டம் திட்டமாகப் பார்க்கவேண்டும்.

65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பலவேளைகளில் இரண்டு காப்புறுதிகள் இருக்கும். ஒன்று மருத்துவத்துக்கு, மற்றது பார்வைக்கு. பார்வைக் காப்புறுதி என்ற தனிப்பிறவி கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1955இல் கண்ணளவு பார்ப்போர் சிலர் கூடித் தொடங்கிய அமைப்போடு வளர்ந்தது. குறும்பார்வைக்கு வந்தால் பார்வைக் காப்புறுதி. கண் சிவந்து வந்தால் மருத்துவக் காப்புறுதி. வழமையான கண் பரிசோதனையையும் அளவையும் ஒன்றாக அடக்கும் எஸ் 0620, எஸ் 0621 என்ற இலக்கங்களைச் சில தனியார் கம்பனிகள் கேட்கின்றன. மெடிக்கெயார் அவற்றை ஏற்காது. சிறுவர் நிலை ஓரளவு நல்லது. வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டத்தில் 21 வயதுக்குட்பட்டோருக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் கட்டாயம் வழங்கப்படவேண்டும். வளர்ந்தோருக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இத்தகைய கோடு ஒன்று இருக்கும் இடத்தில் அதைத் தாண்டும் சோதனையும் இருக்கும். கண்ணாடிக்கு மட்டும் வந்தவரின் குறிப்பில் ‘கண் உறுத்துகிறது’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பரிசோதனைக்கு அரசாங்கம் பணம் தந்துவிடும். நோயாளிக்கும் நன்மை, வைத்தியருக்கும் நன்மை, யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதற்கு விடைசொல்லும் சட்டம் பழமையானது. உள்நாட்டு யுத்தத்தின்போது இராணுவத்துக்குப் பழுதான பொருட்களைக் கொடுத்துப் பணம் கறந்த வியாபாரிகளை அடக்க 1863இல், ஆபிரகாம் லிங்கன் காலத்தில் வந்தது. அரசிடம் பொய்க் கோரிக்கை சமர்ப்பித்தவர் நட்டத்தைப் போல் மூன்று மடங்கும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் வேறாகத் தண்டமும் செலுத்த நேரிடலாம். குறிப்பில் இல்லாததை இலக்கமாக்குவது குறியீட்டாளரின் வேலையன்று. சந்தேகம் என்றால் வைத்தியரிடம் எழுத்தில் கேட்கவேண்டும், ஊகித்து நிரப்பக்கூடாது. மேலதிகாரி சொன்னார் என்பதும் நியாயமாகாது. எமது பிள்ளைகள் இத்தொழிலுக்குப் போனால் முதல் வருடத்திலேயே இந்த நெருக்குதலைச் சந்திக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறுபுறத்தில், சட்டப்படி சரியாக நடந்தும் மனிதரை நோகச்செய்யும் தவறு ஒன்றுண்டு. அது முன்கூட்டிச் சொல்லாமை. எல்லாம் முடிந்து காசு கட்டும் இடத்தில் நிற்கும்போதுதான், “அளவு பார்த்ததற்கு மெடிக்கெயார் கட்டாது, நீங்கள்தான் கட்டவேணும்” என்று அந்த அம்மாவுக்குச் சொல்லப்படுகிறது. சட்டமே விலக்கிவைத்த சேவை என்பதால் முன்னறிவித்தல் படிவத்தில் கையொப்பம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் நல்ல கிளினிக்குகள் நாற்காலியில் இருத்துமுன்பே தொகையைச் சொல்லி, விருப்பத்தைக் கேட்டுக்கொள்கின்றன. அவர் மறுத்தால், அளவு பாராமல் நோய்ப் பரிசோதனையை மட்டும் செய்யலாம். வேறு காப்புறுதி இருந்து, அதனிடம் காட்ட மெடிக்கெயாரின் மறுப்புக் கடிதம் தேவை என்றால், 92015க்குப் பின்னால் ஜீ வை என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அனுப்புவார்கள். ‘இது சட்டத்தால் விலக்கப்பட்டது என்று தெரிந்தே அனுப்புகிறோம்’ என்பது அவ்வெழுத்துகளின் பொருள்.

நோயாளிக்குச் சார்பான விதி ஒன்றும் இருக்கிறது. 1978இல் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு விதித்தபடி, அளவு பார்த்து முடிந்ததும் அந்தச் சீட்டை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், மேலதிகக் கட்டணமின்றி நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். தம் கடையிலேயே கண்ணாடி வாங்கவேண்டும் என்று கட்டிவைக்க முடியாது. 2024இல் இவ்விதி திருத்தப்பட்டு, சீட்டு கிடைத்தது என்பதை நோயாளி உறுதிப்படுத்தும் பதிவையும் பெற்று வைக்கவேண்டும் என்றாயிற்று. தாம் பணம் கட்டிப் பெற்ற அளவு தமக்கே சொந்தம் என்பதை அறியாதவர்கள் அங்கும் உண்டு.

எல்லை தாண்டி, எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில் கோடு வேறு இடத்தில் கீறப்பட்டிருக்கிறது. அங்கே வயதுதான் கணக்கு. 2004 நவம்பர் முதல் 20க்கும் 64க்கும் இடைப்பட்டவர்களின் வழமையான கண் பரிசோதனை, நீரிழிவு போன்ற குறிப்பிட்ட நோய்கள் இருந்தாலன்றி, மாகாணக் காப்புறுதியிலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை இருந்தது, 2023 செப்டெம்பர் முதல், குறிப்பிட்ட கண் நோய்கள் இல்லாதவிடத்து, 18 மாதங்களுக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்க விசாவில் செல்லும் பெற்றோருக்கு இவை எதுவும் இல்லை. அவர்களுக்காக எடுக்கும் பயணக் காப்புறுதியும் பொதுவாகக் கண்ணாடி அளவுக்கு இடம்கொடாது. போகமுன்னர் இங்கேயே கண்ணைக் காட்டி, இரண்டு சோடி கண்ணாடியோடும் அளவுச் சீட்டோடும் போவது புத்தி.

கோட்டை அழிக்க முயற்சி நடக்கவில்லை என்றில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் கீழ்ச்சபை நிறைவேற்றிய சட்டமூலம் ஒன்றில் பல், காது, பார்வை ஆகிய மூன்றையும் மெடிக்கெயாரில் சேர்க்க ஏற்பாடு இருந்தது. செனற் சபை அதை நிறைவேற்றவில்லை. 2021இல் மறுபடி பேசப்பட்டபோது, கீழ்ச்சபை நிறைவேற்றிய வடிவில் காது மட்டுமே மிஞ்சியது, அதுவும் சட்டமாகவில்லை.

இனிப் படிக்கலாமோ என்ற கேள்விக்கு வருவோம். படிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் வைத்தியக் குறிப்பை வாசித்து விளங்கும் திறமை இல்லாமல் இலக்கங்களை மனனம் செய்வதால் பயனில்லை. 1988இல் தொடங்கிய ஏ.ஏ.பீ.சீ. என்ற அமெரிக்க அமைப்பின் சான்றிதழையே பல நிறுவனங்கள் கேட்கின்றன. நான்கு மணித்தியாலத்தில் 100 வினாக்கள். சித்திக்கு நூற்றுக்கு 70 வேண்டும். புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம் என்பதிலிருந்து, சோதிக்கப்படுவது ஞாபகசக்தி அல்ல என்பது விளங்கும். சித்தியடைந்தாலும் போதிய அனுபவம் வரும்வரை பெயருக்குப் பின்னால் பயிலுநர் என்ற ஒட்டு இருக்கும். தொடக்கச் சம்பளமும் அதற்கேற்றபடியே. பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டமுன்னர், ஒகையோ அம்மாவின் இரண்டு கதைகளையும் அங்குள்ள ஆசிரியரிடம் சொல்லி, எதற்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். காரணத்தோடு விடை சொல்பவராக இருந்தால் அங்கே சேரலாம்.